பாடல் நடத்துகிறவரிடம் குறை சொல்லப்படும்போது

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் கூறப்பட்டு, கீபோர்டை உறைக்குள் வைத்து மைக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருக்கும் பத்து நிமிடங்களில்தான் பாடல் நடத்துகிறவரைத் தேடி விமர்சனம் வருகிறது. அந்த நேரத்தில் அவருடைய தொண்டை வறண்டிருக்கும்; திருவிருந்து ஆராதனையாக இருந்தால் அவர் வெறும் வயிற்றோடு வந்திருக்கவும் கூடும்; ஜெபத்தோடு பாடி முடித்தவரின் மனம் திறந்தே கிடப்பதால், எந்தச் சொல்லும் தடையின்றி உள்ளே இறங்கும். "இன்றைக்குப் பாட்டு சரியில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டவரோ அதை அடுத்த ஞாயிறு வரைக்கும் சுமந்துகொண்டிருப்பார். தமிழ்ச் சபைகளில் பல ஆண்டுகள் பாடல் நடத்தியும், இளையவர்களைப் பழக்கியும் வந்த அனுபவத்தில், அந்தச் சுமையை இறக்கிவைத்துப் பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பத்து நிமிடத்தில் எந்த விளக்கமும் கொடுக்காமல் இருப்பது. "சொன்னதற்கு நன்றி ஐயா, இதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன், செவ்வாய்க்கிழமை மாலை உங்களைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள்; சொன்னபடியே செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். நம்முடைய சொற்களில் எழுதினால், எழுதும்போதே அதைக் கூர்மையாக்கிவிடுவோம்: "கொஞ்சம் வேகமாய்ப் போய்விட்டது" என்று அவர் சொன்னது, நம் நினைவில் "உனக்குத் தாளமே தெரியவில்லை" என்று மாறிவிடும். கதவடியில் கட்டாயம் தவிர்க்க வேண்டிய பதில்கள் இரண்டு உண்டு. "மற்ற எல்லாரும் நன்றாக இருந்தது என்றுதானே சொன்னார்கள்" என்பது ஒன்று. அது பேச வந்தவரைத் தனியாளாக்கி அனுப்பிவிடும். "என் ஊழியத்தைக் கர்த்தர் அறிவார்" என்பது மற்றொன்று. இது பக்தியான சொல்லாகத் தோன்றினாலும், அந்த இடத்தில் அது ஒரு மதில். அதற்குப் பிறகு அந்த மனிதர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார், வேறு எல்லாரிடமும் சொல்லுவார்.

பாடலைப் பற்றிய குறை மற்றக் குறைகளைவிட ஆழமாகக் குத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கணக்குப் பார்க்கிற பொருளாளரின் பிழை தாளில் இருக்கும். பாடுகிறவரின் பிழை அவருடைய உடலிலிருந்தே வருகிறது. குறை சொல்லுகிறவருக்கும் இப்படியே ஒரு காரணம் உண்டு. ஆராதனையில் பிரசங்கம் போதகருடையது, வேதபாடம் வாசிக்கிறவருடையது. பாட்டு மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் சொந்தமானது. தன் பொருளை இன்னொருவர் கையாளும்போதுதான் ஒருவர் அக்கறையோடு குறை சொல்லுவார். ஆகையால் வருகிற எந்தக் குறையையும் அளந்து பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: அன்றைக்குச் சபையால் பாட முடிந்ததா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான அம்மா. நான் பாடல் நடத்தத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லாத்தான் பாடுற, ஆனா எனக்கு வாய் திறக்க இடமே இல்ல" என்றார். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதன் பொருள் புரிய எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சுருதி எனக்குப் பொருத்தமாகவும் அவருக்கு எட்டாமலும் இருந்தது. நான் சேர்த்த அசைவுகளும் இழுப்புகளும் எந்த இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. பல்லவிக்குத் திரும்பும் இடத்தை நான் எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

பெரும்பாலான குறைகள் வருகிற வடிவம் வேறு, உள்ளே இருக்கிற செய்தி வேறு. "சத்தம் அதிகம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை முதலில் கேளுங்கள். பக்கச் சுவரில் மாட்டிய ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருக்கிறவர் கேட்பதும், பின்வாசலருகே மின்விசிறிக்கு அடியில் இருக்கிறவர் கேட்பதும் ஒன்றல்ல. மேலும், வயதானவர்களில் பலருக்கு உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துகளைத் தெளிவாக்குவது அந்த ஒலிகளே என்பதால் வார்த்தை புரியாமல் போகிறது. அதே செவிக்குப் பலத்த ஓசை மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகத் தொந்தரவாகவும் இருக்கக்கூடும். ஆகவே ஒரு பெரியவர் "சத்தம் அதிகம்" என்றும் "ஒன்றும் புரியவில்லை" என்றும் ஒரே மூச்சில் சொன்னால், அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சொல்லுவது துல்லியமான ஒரு செய்தி. அதற்கு மருந்து பாடகரின் மைக்கைக் கூட்டுவதில் இல்லை; டிரம் பேடையும் கீபோர்டையும் குறைத்து, வார்த்தை மேலே தெரியும்படி செய்வதில் இருக்கிறது. கான்கிரீட் கூரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கும் ஆலயத்தில் இதை மிக்ஸரிடம் நின்று முடிவு செய்ய முடியாது. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கடைசி வரிசைக்கு நடந்துபோய்க் கேட்க வேண்டும்.

"மேலே போகிறது, பாட முடியவில்லை" என்பது சரிபார்க்கக்கூடிய குறை. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. பயிற்சி இல்லாத பொதுக் குரல்கள் ஏறக்குறைய ஒரு கட்டை (கீபோர்டில் C) ஸட்ஜத்திலிருந்து அதன் மேல்ஸ்தாயி ரிஷபம் வரைக்கும் வசதியாகப் பாடும். பதிவில் கேட்கும் பாடல்கள் பயிற்சி பெற்ற தனிக்குரலுக்காகச் சுருதி வைக்கப்பட்டவை. ஐந்தரைக் கட்டையில் (G#) ஒரு சகோதரி அழகாகப் பாடும் பாட்டு, கீழே இருக்கும் ஆண்களை மேலேயும் போகவிடாமல் கீழேயும் இறங்கவிடாமல் நடுவில் நிறுத்திவிடும். காலை ஏழு மணி ஆராதனையில் எல்லாருடைய குரலும் இன்னும் தாழ்ந்தே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று பார்த்து, அது எல்லைக்குமேல் போனால், கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானால் இரண்டு அரைச்சுரம் இறக்குங்கள். உங்கள் குரல் அந்தச் சுருதியில் பளிச்சென்று கேட்காமல் போகலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதும் இந்த ஊழியத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

"பழைய பாட்டுகளையே பாடுவதில்லை" என்ற குறைக்கு மேலும் பொறுமை தேவை. சில சமயம் இதன் பொருள், பாட்டுகள் இருந்தும் அவை மாறிப்போயின என்பதுதான். ரூபக தாளத்தில் மூன்றாக நடக்க வேண்டிய கீர்த்தனையை, கீபோர்டில் கைக்குக் கிடைத்த நாலெண்ணிக்கை ரிதத்தில் போட்டு அடித்தால், ஐம்பது ஆண்டுகளாக அதைப் பாடிவந்தவரின் மூச்சு தவறான இடத்தில் முறிகிறது. அவரால் அதைத் தாளத்தின் பெயர் சொல்லி விளக்க முடியாமல் இருக்கலாம். "பழைய மாதிரி இல்லை" என்றுதான் சொல்லத் தெரியும். வேறு சில சமயம் இந்தக் குறை பாட்டைப் பற்றியதே அல்ல. தன் தாயை அடக்கம் பண்ணிய நாளில் பாடிய ஞானப்பாட்டு இந்த ஆலயத்தில் இனி ஒலிக்காதோ என்ற பயம் அதற்குள் இருக்கும். "ஐயா, எந்தப் பாட்டைப் பாடி நெடுநாளாயிற்று என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பாட்டின் எண்ணைத்தான் சொல்லுவார். பாமாலை என்னும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவார்.

இந்த விஷயத்தில் வரலாற்றையும் சற்று அறிந்திருப்பது நல்லது. இன்று பாரம்பரியம் என்று நாம் காக்கும் கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதியவையே. கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய காலத்தில், மொழிபெயர்த்த ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை மேல்நாட்டு மெட்டில் பாடுவதே சபைகளில் நிலைபெற்றிருந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ஆம் ஆண்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை ஆராதனையில் பரவலாக இடம் பெற்றன. இதைப் பெரியவர்களை வாயடைக்கப் பயன்படுத்தாதீர்கள். "இதுவும் ஒரு காலத்தில் புதுசுதானே" என்று சொல்லி எந்தப் பெரியவரையும் யாரும் ஆறுதல்படுத்தியதில்லை. உங்களுக்குள் இருக்கும் எரிச்சலைத் தணிக்க மட்டும் இந்த அறிவு உதவும்: புதியதா பழையதா என்ற கேள்வி நமக்கு முன்பும் இருந்தது, நமக்குப் பின்பும் இருக்கும், மக்கள் தங்கள் வாயால் பாடினார்களா என்பதுதான் ஒவ்வொரு முறையும் பாட்டின் ஆயுளை முடிவு செய்தது.

குறை சொன்னதை ஏற்றுக்கொண்டு மாற்றம் செய்யும்போது, அளவோடு மாற்றுங்கள். ஜெர்மனியில் ஆர்ன்ஸ்டாட் நகர ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த, பின்னாளில் இசைமேதையாகப் போற்றப்பட்ட யோகான் செபாஸ்டியன் பாக், 1706 பிப்ரவரியில் சபை அதிகாரிகளின் முன் நிற்க நேர்ந்தது. அப்போது அவருக்கு இருபது வயது. நான்கு வார விடுப்பு பெற்று லூபெக் நகரத்துக்குப் போய் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் தங்கிவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. சபையார் பாடும் கீதத்தின் நடுவே விசித்திரமான மாறுதல்களையும் அந்நிய சுரங்களையும் கலந்து, பாடுகிறவர்களைக் குழப்பிவிட்டார் என்பது மற்றொன்று. அதே விசாரணையில் இன்னொரு செய்தியும் பதிவாகியிருக்கிறது: முன்பு மிக நீளமாக வாசித்தவர், மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னதும் மறு எல்லைக்குப் போய் மிகச் சுருக்கமாக வாசித்து முடித்துவிட்டாராம். மேதையாக இருந்தாலும் "சபை குழம்பிற்று" என்ற குறை உண்மையாக இருக்க முடியும் என்பதை அந்தப் பதிவு காட்டுகிறது. மறு எல்லைக்குப் பாய்வதும் ஒருவிதக் கோபமே என்பதையும் அது காட்டுகிறது. "டிரம் சத்தம் அதிகம்" என்று சொன்னார்கள் என்பதற்காக அடுத்த வாரம் டிரம்மையே எடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. அதனால் தண்டனை அடைகிறது சபைதான்.

குறையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆனால் பலர் அதைச் செய்வதில்லை. மிக்ஸரிலிருந்து எடுக்கும் பதிவில் மேடையின் மைக்குகள் மட்டுமே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு "நன்றாகத்தான் இருந்தது" என்று முடிவு செய்யக் கூடாது. ஒரு கைப்பேசியை நடு வரிசையில் ஓர் இருக்கையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அதில் சபையின் குரல் எந்தப் பாட்டில் எழுந்தது, எந்த வரியில் விழுந்தது, எங்கே முற்றிலும் நின்றது என்பது தெளிவாகக் கேட்கும். மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து இப்படிச் செய்தால், குறை சொன்னவரிடம் அபிப்பிராயத்தோடு அல்ல, தெரிந்துகொண்ட விஷயத்தோடு பேசலாம். "நீங்கள் சொன்னது சரி, இரண்டாம் சரணத்தில் யாருமே பாடவில்லை" என்று சொல்லவும் இதனால் முடியும். "நீங்கள் இருந்த பக்கத்தில் கேட்கவில்லை, ஆனால் பெண்கள் பக்கம் நன்றாகப் பாடினார்கள்" என்று சொல்லவும் முடியும்.

இனி, பாட்டைப் பற்றியல்லாமல் ஆளைப் பற்றி வரும் குறைகள். "தன்னைக் காட்டிக்கொள்கிறார்", "ஆவியில்லாமல் பாடுகிறார்", "அந்தக் குடும்பமே மேடையில் நிற்கிறது" என்பவை இவ்வகை. இவற்றை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் கூடாது, ஒட்டுமொத்தமாக விழுங்கவும் கூடாது. "எந்த இடத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றிற்று?" என்று ஒரே ஒரு குறிப்பிட்ட உதாரணத்தைக் கேளுங்கள். உதாரணம் கிடைத்தால் அதன்மேல் வேலை செய்யலாம். பாட்டுக்குப் பாட்டு நீங்கள் செய்யும் சிறு பிரசங்கமோ, கண்ணை மூடிக்கொண்டே நிற்பதால் சபைக்கு எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் போவதோ, அவர் மனத்தில் "காட்டிக்கொள்வதாக" பதிந்திருக்கும். ஆராதனையின் காணொளி இருந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உடல் என்ன சொல்லிற்று என்பது அப்போதுதான் தெரியும். உதாரணம் கிடைக்காவிட்டால், அந்தக் குறையை நோட்டில் எழுதி, தேதி போட்டு, அங்கேயே விட்டுவிடுங்கள். குடும்பத்தைப் பற்றிய குறையை மட்டும் அப்படி விடாதீர்கள். ஒரே வீட்டார் நான்குபேர் பத்தாண்டுகளாக மைக்கைப் பிடித்திருந்தால், சொன்னவரின் தொனி எப்படியிருந்தாலும் விஷயம் உண்மை. புதிய குரல்களைப் பழக்கத் தொடங்குங்கள்.

பெண்கள் பாடல் நடத்தும்போது குரலைவிடப் புடவையையும் முந்தானையையும் பற்றியே பேச்சு அதிகம் எழுகிறது. இதைப் பாடுகிற சகோதரி தனியாகத் தாங்கும்படி விட்டுவிடக் கூடாது. அப்படிப்பட்ட பேச்சு வந்தால் குழுவின் பொறுப்பாளர் அதைத் தானே வாங்கிக்கொண்டு, ஒழுங்கு இருந்தால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

குழுவைப் பற்றிய எல்லாக் குறைக்கும் இந்த முறை பொருந்தும். வாசிக்கிற தம்பி தாளத்தை ஓட்டிவிட்டான் என்று ஒருவர் சொன்னால், சபையாருக்கு முன் அது உங்கள் குறை. தம்பியிடம் அதைத் தனியாக, சனிக்கிழமை பயிற்சியில், தேநீர் குடிக்கும்போது சொல்லுங்கள். ஆராதனைக்கு முன் மைக் சோதிக்கிற நேரத்தில் சொல்லக் கூடாது. அன்றைக்கு முழுவதும் அவன் விரல் நடுங்கும். அப்போஸ்தலர் நடபடிகளில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அப்பொல்லோவைத் திருத்திய விதம் இதற்கு நல்ல மாதிரி: வாக்குவல்லமையுள்ள அந்த மனிதன் ஜெப ஆலயத்தில் பேசுகிறதைக் கேட்டார்கள், குறையைக் கண்டார்கள், தங்களோடு சேர்த்துக்கொண்டு தனியே அதிகத் திட்டமாய் விளக்கிக் காண்பித்தார்கள். அவனும் ஏற்றுக்கொண்டு, முன்னிலும் அதிகம் பயன்பட்டான்.

"நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள்" என்று பெயரில்லாமல் வரும் குறைக்குப் பதில் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அவர்களை என்னிடமோ போதகர் ஐயாவிடமோ நேரே பேசச் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள்; சொன்னபடி கோபப்படாமல் இருங்கள். வாட்ஸ்அப் குழுவில் குறை எழுதப்பட்டால் அங்கே பதில் எழுதவே கூடாது. எழுதியவருக்கு அன்று மாலைக்குள் போன் செய்யுங்கள், முடிந்தால் வீட்டுக்குப் போங்கள். எழுத்தில் கடுமையாக இருந்தவர், வாசலில் உங்களைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடுவார்.

போதகர் சொல்லும் குறை வேறு வகை. ஆராதனை முழுவதற்கும் பொறுப்பு அவருடையது; இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். அவருடைய முடிவில் உங்களுக்கு உடன்பாடில்லையென்றால், வார நாளில் அவர் அறையில் சொல்லுங்கள், மேடையில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தால் சொல்லாதீர்கள்.

சில குறைகளைக் கேட்டு, சரிபார்த்து, பின்பு மாற்றம் இல்லை என்றே முடிவு செய்ய நேரிடும். அப்போது நழுவாதீர்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, "முடியாது" என்று காரணத்தோடு சொல்லுவதைவிட அதிகக் கசப்பை உண்டாக்கும். "அண்ணாச்சி, புதுப் பாட்டே வேண்டாம் என்று சொன்னீர்கள். போதகரோடும் பேசினேன். மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு மட்டும் எடுக்கப்போகிறோம், அதையும் நான்கு வாரம் தொடர்ந்து பாடிப் பழக்குவோம், மற்ற எல்லாம் நீங்கள் அறிந்தவையாக இருக்கும்" என்று சொல்லலாம். அவர் திருப்தியடையாமல் போகலாம். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்.

இழிவுபடுத்துவதற்காகவே பேசுகிறவர்களும் உண்டு. கர்த்தருக்கு முன்பாக ஆடிய தாவீதைத் தன் இருதயத்திலே அவமதித்த அவன் மனைவி மீகாள் அரண்மனைக்குள்ளேயே இருந்தாள். உங்கள் சாதியையோ, படிப்பையோ, உடலையோ, வீட்டாரையோ இழுத்துப் பேசினால், அது ஆராதனையைப் பற்றிய விமர்சனம் அல்ல. ஒரு முறை தனியே அவரிடம் சொல்லுங்கள். கேளாவிட்டால் ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அதற்கும் கேளாவிட்டால் போதகரிடமும் சேகரக் கமிட்டியிடமும் (சபையின் நிர்வாகக் குழு) ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மத்தேயு சுவிசேஷம் சொல்லும் வரிசை இதுவே. சகித்துக்கொண்டே இருப்பதுதான் தாழ்மை என்று அங்கே எழுதியில்லை.

விலகி நிற்க வேண்டிய நேரமும் வரலாம். சுருதி நழுவுகிறது என்று ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் சொன்னால், அவர்களில் ஒருவர் உங்கள்மேல் அன்புள்ளவராகவும் இருந்தால், ஒரு மாதம் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் குரலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைக்குப் பயந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

விலகாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மேடையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, சபையாரோடு உட்காருங்கள். உங்களிடம் கடைசியாகக் குறை சொன்னவர் எந்த வரிசையில் இருக்கிறாரோ அந்த வரிசையில், அவருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்து, ஒரே பாமாலையைப் பிடித்துக்கொண்டு பாடிப் பாருங்கள். எந்த வரியில் அவர் வாய் மூடிக்கொள்கிறது என்பதை அங்கிருந்து நீங்களே கேட்பீர்கள்.